புதுப்பிப்பு: மாதவிடாய் நின்றபின் வந்த அரிப்பும் வெள்ளைத் திட்டும்

பிறப்புறுப்பில் தூங்கவிடாத அரிப்பு, வெள்ளைத் திட்டு, பூஞ்சைக் களிம்புக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. தோல் டாக்டரிடம் போகச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. மதுரையிலேயே காட்டினேன், லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நாள்பட்ட தோல் அழற்சியாம். தொற்றுநோய் அல்ல.

டாக்டர் கொடுத்தது குளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்: முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இருமுறை. விரல்நுனி அளவு போதும். மருந்துக்கடைக்காரர் ‘ஸ்டீராய்டு, அங்கே போடாதீங்கம்மா’ என்று பயமுறுத்தினார். டாக்டர் சொன்ன அளவில் தயங்காமல் போடலாம். சோப்பையும் நிறுத்தினேன். அரிப்பு அடங்கிவிட்டது, வெள்ளைத் திட்டு முழுதும் போகவில்லை.

நான் எதிர்பாராதது, அரிப்பு நின்றாலும் மருந்தைத் தொடர வேண்டுமாம். அரிதாகப் புற்றுநோயாக மாறலாம் என்பதால் வருடாந்திரப் பரிசோதனை உண்டு. ஆறாத புண்ணோ கட்டியோ தெரிந்தால் உடனே காட்டுங்கள்.