பைக்கில் தனியாக உறவினர் வீடுகளுக்கு: வந்து சேரும் நேரத்தை முன்பே சொல்ல வேண்டுமா?

தொடுவான்:
வெவ்வேறு ஊர்களில் வசிக்கும் நண்பர்களையும் உறவினர்களையும் ஒரே சுற்றில் பார்த்து வர, மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்பத் திட்டமிட்டுள்ளேன். நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வீட்டாருக்கும் வந்து சேரும் நாளையும் நேரத்தையும் இப்போதே தெரிவித்துவிட எண்ணுகிறேன். அவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. தவிர, தனியாகச் செல்பவன் எங்கே இருக்கிறான் என்பது யாருக்காவது தெரிந்திருப்பது நல்லதுதானே?

பழைய கிளட்ச்:
நாளைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லாதீர்கள். நீங்கள் தலை சாய்வதைக் கவனித்து ஒலியெழுப்பப் பின்னால் ஒருவரும் வராத நிலையில், நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தும் சுதந்திரம்தான் உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு. ‘எட்டு மணிக்கு வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டால், மழையானாலும் இருட்டானாலும் கடைசி எண்பது கிலோமீட்டரை ஓட்டியே தீர்க்கத் தோன்றும். எரிபொருளுக்கும் உணவுக்கும் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாத சாலைகள் ஏராளம்; அவற்றில் உங்கள் 500 கிலோமீட்டர் என்பது முழுதாகப் பத்து மணி நேரம்.

தொடுவான்:
அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர், ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தூரத்துக்கு இவ்வளவு அச்சம் தேவையா?

பழைய கிளட்ச்:
அந்தச் சான்றிதழை வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். நீங்களோ நள்ளிரவு வரை பழங்கதை பேசிவிட்டு, விடியற்காலையில் எழுந்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்புவீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட பயணத்தைவிட அன்பான உபசரிப்புதான் உங்களைச் சோர்வடையச் செய்யும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். முதல் இரவு பேச்சுக்கு, இரண்டாவது தூக்கத்துக்கு.

மைல்கல்:
இரவுகளைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். நேரத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் கிடந்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே தேடல் தொடங்கும். எனவே நேரத்தை விருந்தளிப்பவரிடம் சொல்லாமல், விருந்தோடு தொடர்பில்லாத நிதானமான ஒருவரிடம் வழித்தடத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

பழைய கிளட்ச்:
அலைபேசிக்கு சிக்னல் கிடைக்காத பகுதியில் மாட்டிக்கொண்டால், அந்த நிதானமான மனிதரும் பதற்றமாகிவிடுவாரே என்ற கவலையிலேயே ஆக்சிலரேட்டரை முறுக்குவோம். நெருக்கடி ஆளை மாற்றிக்கொள்கிறதே ஒழியக் குறைவதில்லை.

மைல்கல்:
தகவல் வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதன்பின் யாரை அழைப்பது என்பதை முன்பே பேசி வைத்தால் குறையும். நான்கு மணி நேரம் தாமதிக்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டவர் நிதானமாகவே ஓட்டுவார். இன்னொன்று: செயினுக்கு எண்ணெய், குளிர்ந்த நிலையில் டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றை எல்லோரும் நினைவூட்டுவார்கள். ஆனால் உறவினர் வீட்டுப் பயணத்தில் மூட்டை ஒவ்வொரு வீட்டிலும் பெருத்துக்கொண்டே போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதையெல்லாம் பின்பெட்டியில் திணித்தால் முன்சக்கரத்தின் பளு குறைந்து, வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். பாதிப் பையைக் காலியாக வைத்துக் கிளம்புங்கள். கனமானவற்றைத் தாழ்வாகவும் இருக்கையை ஒட்டியும் கட்டுங்கள்.

தொடுவான்:
இரண்டு இரவுகள், நடுவில் ஒரு நிதானமான ஆள், காலிப் பை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மாவிடம் ‘வியாழன் அல்லது வெள்ளி’ என்று சொன்னால் அவர் இரண்டு நாளும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். இதற்கு உங்களிடம் விடை உண்டா?

பழைய கிளட்ச்:
வெள்ளி என்று மட்டும் சொல்லுங்கள். வியாழன் மாலைக்குள் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்து, நாற்பது கிலோமீட்டருக்கு முன்பே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தூங்குங்கள். தாமதமானாலும் ஒரு நாள் கையில் இருக்கும்.

தொடுவான்:
இவ்வளவு அருகில் வந்தும் விடுதியில் தங்கினேன் என்பது தெரிந்தால், அடுத்த இரண்டு இரவுகளும் அவர் என்னோடு பேசவே மாட்டார்.

பழைய கிளட்ச்:
நன்றாகத் தூங்கலாம்.