பேய்களைப் பார்க்கும் பதினாறு வயதுப் பெண்: பயத்தைக் கடைசிவரை எப்படிக் காப்பது?

நிலாமுற்றம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இளையோருக்கான நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை சொல்பவள் பதினாறு வயதுப் பெண். இறந்தவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அவளுக்கு மட்டும்தான். வெள்ளை உடை, விரித்த கூந்தல், நள்ளிரவு ஓலம் எதுவும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டேன். என் பேய்கள் பட்டப்பகலில் மற்றவர்களைப் போலவே நிற்கின்றன, காத்திருக்கின்றன, அலுத்துக்கொள்கின்றன.

முதல் காட்சி பள்ளி நூலகத்தில் நடக்கிறது. ஜன்னலோர மேசையில் ஒரு பையன் விரித்துவைத்த புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறான். காலையில் அவள் கடந்து போகும்போதும் அதே பக்கம், மாலையில் திரும்பும்போதும் அதே பக்கம். அவள் எதிரே உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமலேயே, "கொஞ்சம் திருப்பிவிடேன்" என்கிறான். அவனால் பக்கத்தைப் புரட்ட முடியாது. அவன் உயிரோடு இல்லை என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைக்கிறது.

இதுவரை எனக்கு நிறைவாகவே இருக்கிறது. சிக்கல் இதற்குப் பிறகு. நடுப்பகுதிக்கு வரும்போது அவளைச் சுற்றி நான்கைந்து பேய்கள் சேர்ந்துவிடுகின்றன. யோசனை சொல்கின்றன, ஆறுதல் சொல்கின்றன, பூட்டிய அறைக்குள் போய்ப் பார்த்துவந்து செய்தி சொல்கின்றன. கையெழுத்துப் பிரதியைப் படித்த என் தங்கை மகள், அவளுக்குப் பதினைந்து வயது, நிமிர்ந்து கேட்டாள்: "பெரியம்மா, இவளுக்குத்தான் இத்தனை பேர் துணைக்கு இருக்கிறார்களே, இவள் ஏன் அழுகிறாள்?"

பயம் எந்த இடத்தில் நழுவுகிறது? இந்தப் பார்வைக்கு அவள் எதை விலையாகக் கொடுக்க வேண்டும்? வீட்டில் யாராவது அவளை நம்பலாமா? அவளுக்கு மனநோய் இருக்குமோ என்ற ஐயத்தைக் கதைக்குள் கொண்டுவரலாமா, அல்லது அது உண்மையிலேயே நோயுற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்காகிவிடுமா? அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். அவர்களிடம் பொய் சொல்லாத ஒரு பேய்க்கதை எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஓலைக்கட்டு

சகோதரி, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கதையைப் படித்ததும் நினைவுக்கு வந்தவன் சார்ங்கலன்.

மணிமேகலையின் ஆறாவது காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் வருகிறான் இந்த இளைஞன். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டுக்குள் தனியே நுழைந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, அதன் கண்ணைத் தோண்டித் தின்றபடி கூத்தாடுகிறாள். பார்த்த மாத்திரத்தில் வீட்டுக்கு ஓடுகிறான். சுடுகாட்டுப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லி, அவள் காலடியிலேயே விழுந்து சாகிறான்.

இதில் நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பேய் அவனைத் துரத்தவில்லை, தொடவில்லை, அதட்டக்கூட இல்லை. அது தன்பாட்டுக்கு, அடங்காத மகிழ்ச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. பிறருக்கு நடுக்கம் தரும் ஒன்றில் அது களிப்படைவதை அவன் கண்டுவிட்டான், அவ்வளவுதான். சாத்தனார் பயத்தைப் பேயின் பல்லிலும் நகத்திலும் வைக்கவில்லை, அதன் சந்தோஷத்தில் வைத்தார். இதைவிடச் சிறந்த பாடம் பேய்க்கதை எழுதுபவருக்கு வேறு கிடைக்காது என்பது என் துணிபு.

உங்கள் பேய்களுக்கு வருவோம். அவை எல்லாமே உங்கள் நாயகிக்காகவே இருக்கின்றன. அவளுக்கு வழி காட்டுகின்றன, அவளுக்குச் செய்தி கொண்டுவருகின்றன. அவற்றுக்கென்று ஒரு வேலையும் இல்லை. பயம் அங்கேதான் நழுவுகிறது. ஒரு பேயையாவது அவளைச் சட்டை செய்யாத பேயாக ஆக்குங்கள். அவள் பார்ப்பது அதற்குத் தெரிந்தும் அது கண்டுகொள்ளக் கூடாது. அது எதற்காகச் சிரிக்கிறது என்பது வாசகருக்குக் கடைசிவரை விளங்காமல் போனாலும் குற்றமில்லை.

அந்தக் காதையின் மறுபாதியையும் பாருங்கள். சார்ங்கலனின் தாய் கோதமை கண்பார்வை இல்லாதவள், அவன் தந்தையும் அப்படியே. பேயைப் பார்த்துச் செத்த மகனின் உடலை அவள் கையால் தடவித்தான் அறிய முடியும். உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு, என் உயிரை வாங்கிக்கொண்டு இவன் உயிரைத் தா என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். பேய் உயிரை உண்பதில்லை, அவனுடைய ஊழ்வினையே அவனைக் கொண்டுபோயிற்று, போன உயிர் திரும்பாது என்று தெய்வம் மறுத்துவிடுகிறது. பார்த்தவனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பார்க்க முடியாத தாயின் துயரத்தில் நெடுநேரம் நிற்கிறார் புலவர். உங்கள் நாயகியின் தாயை நீங்கள் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லையே?

இரவுப்பணி

வணக்கம் அக்கா. நான் மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். நோய் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஐயத்தைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், ஆனால் மருத்துவரை வில்லனாக்காதீர்கள். மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார், மாத்திரை அவளுடைய சக்தியை மழுங்கடிக்கிறது, அவள் அதைத் தூக்கி எறிந்ததும் உலகமே காப்பாற்றப்படுகிறது என்ற போக்கு எனக்கு மனவேதனை தருவது. குரல்கள் கேட்கின்ற ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம்.

இல்லாததைப் பார்ப்பதெல்லாம் நோயும் அல்ல. 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசியிருந்தார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த துணை அருகில் இருப்பதை உணர்ந்ததாகவோ, கண்ணால் பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. என்னை உலுக்கியது வேறொன்று. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதே இல்லை.

தூக்க முடக்கமும் உங்களுக்குப் பயன்படும். கனவு காணும் உறக்கத்தில் உடல் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். சில வேளைகளில் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கூரை தெரியும், மின்விசிறி தெரியும், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் பாரம் அழுத்தும், அறையில் யாரோ நிற்பது உறுதியாகத் தெரியும். பலருக்கு இது முதன்முதலில் வருவது பதின்ம வயதில்தான். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானாக விலகிவிடும்.

ஆகவே மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கட்டும். அவர் சொல்வது அத்தனையும் சரியாக இருக்கட்டும். அவள் இரவில் பார்த்த சிலவற்றுக்கு அந்த விளக்கம் உண்மையிலேயே பொருந்தட்டும். ஆனால் நூலகத்துப் பையனுக்குப் பொருந்தாது. எது உறக்கத்தின் வேலை, எது பேய் என்று தானே பிரித்துப் பார்க்க வேண்டிய நிலைக்கு அவள் வரும்போது, கதையில் பயம் மறுபடியும் வந்து உட்காரும் என்று நினைக்கிறேன்.

நிலாமுற்றம்

ஐயா, கோதமையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்களே, நன்றி. தாயை இரண்டாம் பாகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன், இனி முடியாது. சகோதரி, யாரிடமும் சொல்லாமல் இருந்தார்கள் என்ற அந்த வரி எனக்கு மிகவும் தேவைப்பட்டது. இப்போது ஒரு கேள்வி எழுகிறது. தாய் மகளை நம்பிவிட்டால் என்ன ஆகும்? நம்பினால் பயம் குறைந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

பழங்கணக்கு

குறையாது. நம்புவதுதான் ஆபத்து என்பதற்கு வரலாறே சான்று.

1848 மார்ச் இறுதியில், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், மேகி, கேட் ஃபாக்ஸ் என்ற இரு சிறுமிகள் இருந்த வீட்டில் தட்டும் ஓசை கேட்டது. மேகிக்குப் பதினான்கு வயது, கேட்டுக்குப் பதினொன்று. கேள்வி கேட்டால் ஓசை பதில் சொன்னது. தாய் நம்பினார், அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். வயதில் மிகவும் மூத்த அக்காள் லியா அவர்களை மேடையேற்றினாள். அடுத்த ஆண்டே ரோசெஸ்டர் நகரில் ஓர் அரங்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சி நடந்தது. இறந்தோருடன் பேசும் இயக்கம் ஒன்று அங்கிருந்து கடல் கடந்து பரவியது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888 அக்டோபரில், மேகி நியூயார்க்கில் மேடையேறி, எல்லாம் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பிய ஓசை என்று செய்தும் காட்டினார். அடுத்த ஆண்டு அந்த வாக்குமூலத்தையும் திரும்பப் பெற்றார். சகோதரிகள் இருவருமே குடிப்பழக்கத்தாலும் வறுமையாலும் நலிந்து, 1892-லும் 1893-லும் இறந்தார்கள்.

அவர்கள் ஏமாற்றினார்களா என்பது உங்கள் கதைக்கு முக்கியமில்லை. பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மகனை இழந்த தாய், மனைவியை இழந்த கணவன் என ஆளாளுக்கு அந்தப் பிள்ளைகளிடம் வந்து நின்றார்கள். இல்லை, உங்கள் மகன் இங்கே இல்லை என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு இருந்திருக்குமா? உங்கள் நாயகியின் கண்ணுக்கு இறந்தவர்கள் நிஜமாகவே தெரிகிறார்கள். அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம். தாய் நம்பியதும் முதலில் கேட்கப்போவது, "அவரைப் பார்த்தாயா?" என்றுதான். பார்த்திருந்தாலும் சிக்கல், பார்க்காவிட்டாலும் சிக்கல். வீட்டில் இறந்தவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. யாராக இருந்தாலும், அவர் மட்டும் அவள் கண்ணில் படவே கூடாது.

கடைசிபெஞ்சு

எனக்குப் பதினேழு வயது. பேய்க்கதைகள் நிறையப் படிப்பேன். பேய் அழகான பையனாக இருந்து நாயகி அவனைக் காதலிக்கத் தொடங்கினால் எனக்குப் பயம் போய்விடும், புத்தகத்தை மூடிவிடுவேன். நூலகத்துப் பையனைத் தயவுசெய்து அப்படி ஆக்காதீர்கள்.

பக்கத்தைத் திருப்பும் இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் தினமும் வந்து திருப்ப வேண்டுமே? விடுமுறை வந்தால்? அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? அவன் அதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தால் அவளால் தூங்க முடியுமா? எங்கள் வயதில் எல்லோரும் எங்களிடம் ஏதாவது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். செத்துப்போனவர்களும் வரிசையில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். உங்கள் தங்கை மகளுக்கு அப்போது அவள் ஏன் அழுகிறாள் என்று புரியும்.

நிலாமுற்றம்

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, இவ்வளவு நாள் நான் தேடிக்கொண்டிருந்த விலையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவளுடைய நேரம் போக வேண்டும். தோழிகளோடு இருக்க வேண்டிய மாலைகள், படிக்க வேண்டிய இரவுகள், எல்லாவற்றையும் பேய்கள் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எவையும் கெட்டவை அல்ல, தேவை உள்ளவை. அதனாலேயே அவளால் மறுக்க முடியாது. காதல் கிடையாது, வாக்குக் கொடுக்கிறேன்.

இறந்தவர் அவளுடைய அண்ணன். பழங்கணக்கு அவர்கள் சொன்ன பிறகு, அவனைக் கதையில் எங்குமே தோன்றவைக்கப் போவதில்லை. தெருவெல்லாம் யார் யாரோ தெரிகிறார்கள், அவன் மட்டும் தெரியவில்லை. தாய் நம்பத் தொடங்கும் அத்தியாயத்தை நடுவில் வைக்கிறேன். அன்றிலிருந்து மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போதெல்லாம் தாய் அவள் முகத்தைப் பார்ப்பார், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மகள், "அண்ணன் நன்றாக இருக்கிறான்" என்று பொய் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகு தாய் தினமும் கேட்பார், அவள் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். அவளைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்குச் சிரிக்கும் பேய் ஒன்றையும் சேர்க்கிறேன் ஐயா. அந்தப் பொய்யைச் சொல்லும்போது அது அறையில் இருக்கும்.

யோசனை சொல்லும் மற்ற பேய்களில் இரண்டை நீக்கிவிடுகிறேன். பூட்டிய அறைக்குள் புகுந்து வருவதும் போகட்டும். மருத்துவர் வரும் காட்சியை இந்த வாரம் திருத்தி எழுதுகிறேன். இரவுப்பணி சகோதரி, அதை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாமா? தூக்க முடக்கத்தை அவர் பதினாறு வயதுப் பெண்ணிடம் எந்தச் சொற்களில் விளக்குவார் என்பதில் எனக்கு உங்கள் துணை வேண்டும்.

இரவுப்பணி

அனுப்புங்கள் அக்கா. ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். நல்ல மருத்துவர் முதலில் எதையும் விளக்கமாட்டார். "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பார். தாயை வெளியே உட்காரச் சொல்லியிருப்பார். காட்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.