பல வாடிக்கையாளர்களின் செட்டிங்ஸ் மதிப்புகளை ஒரே இடத்தில் வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பில்லிங் செயலி மூன்று சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் ஓடுகிறது, வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் லோகோ, டேட்டாபேஸ் முகவரி, இன்வாய்ஸ் வடிவம் எல்லாம் வேறு, ஆனால் 15 சதவீத வாட் வரி மாதிரி சில மதிப்புகள் எல்லோருக்கும் பொது. இப்போது ஒவ்வொரு சர்வரிலும் இந்த மதிப்புகளை எழுதி வைக்கும் தனி யாமல் (YAML) கோப்பு. ஒன்றில் மாற்றி இன்னொன்றில் விட்டுப்போனால் ஒரே கடைக்கு இரண்டு விதமாக பில் போகிறது, கடைக்காரர் எப்படி நம்புவார்?

எட்சிடிக்கு (etcd, பல சர்வர்களில் ஒரே மதிப்புகளைக் கீ-மதிப்பு ஜோடிகளாக வைக்கும் சேமிப்பு) மாறலாம் என்று பார்க்கிறேன். மூன்று சர்வரில் ஒன்று விழுந்தாலும் தாங்கும், லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) பார்த்த ஊரில் அது பெரிய விஷயம், வாட்ச் (மதிப்பு மாறினால் செயலிக்குச் சொல்லும் வசதி) வைத்தால் மாற்றமும் உடனே தெரியும். முதலில் பொது மதிப்புகளை எடுத்து, வாடிக்கையாளரின் மதிப்பு இருந்தால் அதை மேலே போட்டுக்கொள்வது போதுமா? அப்புறம், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட் (Vault, ரகசியங்களைப் பாதுகாத்து வைக்கும் மென்பொருள்) தனியாக வேண்டுமா? எட்சிடியை நடத்துகிறவர்கள் உங்கள் கீகளுக்கு எப்படிப் பெயர் வைத்து அடுக்குகிறீர்கள் என்று காட்டினால் பெரிய உதவி.