இரண்டரை வயதுக் குழந்தைக்குக் குடும்பப் பயணத்தால் பயன் உண்டா?

கேள்வி:
எங்கள் மகளுக்கு இரண்டரை வயதாகிறது. அடுத்த மாதம் ஐந்து நாள் பயணம் செல்ல எண்ணியிருக்கும் எங்களிடம், "இந்த வயதில் எதுவும் நினைவில் நிற்காது, அலைச்சல்தான் மிச்சம்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே இப்பயணம் அவளுடைய வளர்ச்சிக்கு உதவுமா?

பதில் 1:
பெரியவர்களில் பலருக்கு மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நினைவில் இருப்பதில்லை என்பது சரிதான். ஆனால் நிகழ்ச்சியை மறப்பதும் அதிலிருந்து கற்றதை இழப்பதும் ஒன்றல்ல; நடக்கக் கற்ற நாளை மறந்த நாம் நடையை மறந்துவிட்டோமா என்ன? படத்தில் மட்டும் பார்த்த அலையை நேரில் கண்டு, ஈர மணலை மிதித்து, அதன் ஓசையைக் கேட்கும்போது, 'அலை' என்ற சொல் அவள் மனத்தில் ஒலியும் தொடுகையும் கலந்த முழுப் பொருளைப் பெறுகிறது. திரும்பிய பின் புகைப்படங்களைக் காட்டி, "அங்கே என்ன பார்த்தோம்?" என்று கேளுங்கள், மொழியும் நினைவாற்றலும் அத்தகைய பேச்சில்தான் வளர்கின்றன.

பதில் 2:
ஏற்கிறேன், ஆயினும் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயல்வது வீண். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஒரு வயது கடந்து மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. ஒரே இருக்கையில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களைக் கட்டி உட்கார வைக்கவும் கூடாது. எனவே வழியில் இறங்கி ஓடவிடுங்கள். பழகிய போர்வையை மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆறு இடங்களை இரண்டாகக் குறைத்துவிட்டோம்.