கலைச்சொல் விவாதம்: முனை தடித்து நடு மெலிந்த குழாய்க்கு என்ன பெயர்?

காரைக்குடியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு, ஒரு சொல் அவசரமாக வேண்டும். பட்டறை வகுப்புக் கையேடு திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. எடை மிகக் குறைந்த சாலை மிதிவண்டி ஒன்றை மாணவர்களே எஃகுக் குழாயில் கட்டுவதுதான் இந்தப் பருவத்து வேலை. ('ரோட் பைக்' என்று எழுதினால் நம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் சாலை மிதிவண்டி என்று முன்பே பேசி முடித்துவிட்டோம், அதை மறுபடி கிளற வேண்டாம்.) குழாய்கள் பற்றிய அத்தியாயம் மட்டும் நிற்கிறது.

விஷயம் இதுதான். குழாயின் வெளி விட்டம் முழு நீளத்துக்கும் ஒன்றே. சுவரின் தடிப்பு மட்டும் இரண்டு முனைகளில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. பற்றவைக்கும்போது சூடு படுவதும், ஓட்டும்போது விசை அதிகம் வந்து விழுவதும் முனைகளில்தான், அதனால் அங்கே தடிப்பு வேண்டும், நடுவில் அவ்வளவு தேவையில்லை. 28.6 மி.மீ. விட்டமும் 560 மி.மீ. நீளமும் உள்ள குழாயை முழுக்க 0.8 தடிப்பில் எடுத்தால் சுமார் 307 கிராம் வரும். நடுவே 360 மி.மீ. நீளத்துக்கு 0.5 ஆக்கினால் 234 கிராம். ஒரே குழாயில் 70 கிராமுக்கு மேல் போய்விட்டது. கடையில் விலை உயர்ந்த டைட்டானியம் திருகுகள் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினாலும் இவ்வளவு குறைப்பது கஷ்டம்.

இதற்கு ஆங்கிலப் பெயர் 'பட்டட்'. ஒரு முனை மட்டும் தடித்திருந்தால் சிங்கிள் பட்டட், இரண்டு முனையும் என்றால் டபுள், இரண்டு முனையும் நடுவும் மூன்று வேறு அளவாக இருந்தால் டிரிபிள். போக்ஸ் கம்பியிலும் இது உண்டு (2.0, 1.8, 2.0 மி.மீ.), அதற்கும் பொருந்தினால் நல்லது. வரைவில் 'நடுமெலி குழாய்' என்று போட்டிருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு தாருங்கள்.

மேலைச்சிவபுரியிலிருந்து:

தம்பி, நடுமெலி பிழையில்லை, ஆனால் பெட்டியில் பட்டு இருக்க அரைத்துணி ஏன் உடுத்த வேண்டும்? 'நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை' என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லி வைத்திருக்கிறார். நொசி என்றாலே மெலிந்தது, நுண்ணியது. சங்கப் புலவர்கள் இடையை நுசுப்பு என்றதும் இந்த வேரிலிருந்துதான் என்பது என் துணிபு. நடு மெலிந்த குழாய்க்கு 'நொசிகுழாய்' என்பதை விடப் பொருத்தமாக இன்னொரு சொல் கிடைக்காது. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது, அச்சகத்தார் நடுவில் ஒரு 'க்' சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள். நுண், நுனி, நுதி, நூல், நுணுக்கு, நொய், நொசி. நாக்கு நுனி பல்லைத் தொட்டு உதடு குவிகிற இந்த ஒலியே சிறுத்ததையும் கூர்த்ததையும் குறிக்க நம் மொழியில் நிற்கிறது. குழந்தைகளுக்கு இந்தச் சொல்வரிசையைக் காட்டி அந்த அத்தியாயத்தைத் தொடங்கினால் அவர்கள் குழாயையும் மறக்க மாட்டார்கள், தமிழையும் மறக்க மாட்டார்கள்.

கண்டனூரிலிருந்து:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் சைக்கிள் கடைக்காரன், தினமும் பையன்களோடு நிற்கிறவன். நாளைக்கு அந்தப் பையன் சென்னையில் உதிரிபாகக் கடைக்குப் போய் நொசிகுழாய் கொடுங்கள் என்றால் யாருக்குப் புரியும்? குழாயின் மேல் ஒட்டிவரும் வில்லையில் பட்டட் என்றுதான் அச்சடித்திருக்கும். போக்ஸ் கம்பி, பால்ரஸ், மட்கார்டு, பெண்ட் எடுக்கிறது, இதெல்லாம் எந்தக் குழுவும் கூடிப் பேசி வந்ததில்லை, பட்டறையில் கைக்கு வந்து வாய்க்கு வந்த சொற்கள். பட்டட் குழாய் என்று தமிழ் எழுத்தில் போடுங்கள், போதும்.

மேலைச்சிவபுரியிலிருந்து:

> பட்டட் குழாய் என்று தமிழ் எழுத்தில் போடுங்கள், போதும்.

போதாது. பட்டட் என்ற நான்கு எழுத்து அந்தப் பையனுக்கு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. பட்டது, பட்டை, பட்டம் என்று வேறு எதையோ நினைப்பான். சொல்லைப் பார்த்ததும் குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் மனத்தில் படம் வர வேண்டும், கலைச்சொல்லுக்கு அதுதான் வேலை. கடையில் கேட்பதற்கு அவன் அந்தப் பெயரையும் தெரிந்துகொள்ளட்டும், நான் தடுக்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

நான் இயற்பியல் கற்றுக்கொடுத்தவள், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். நொசிதல் என்றால் வளைதல், துவளுதல் என்றும் பொருள் உண்டு. சட்டகத்துக்கு (சைக்கிள் ஃபிரேமுக்கு) நாம் முதலில் கேட்பதே விறைப்பு. 'துவள் குழாய்' என்று பொருள் தொனிக்கிற பெயரை அதற்கு வைக்கலாமா? ஒருமுறை குழப்பம் புகுந்தால் மாணவர்கள் வலிமை, விறைப்பு, கடினம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள், அதைப் பிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளி விட்டம் மாறாமல் சுவரை மட்டும் மெலிப்பதால் அந்தப் பகுதியில் விறைப்பும் எடையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகின்றன. கையேட்டில் இதை ஒரு பத்தியாவது எழுதுங்கள். எஃகை விட்டு அலுமினியத்துக்குப் போனால் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு, யங் குணகமும் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அலுமினியச் சட்டகத்தின் குழாய்கள் பெருத்திருக்கின்றன. பையன்கள் நிச்சயம் கேட்பார்கள்.

பெயருக்கு வருகிறேன். நம் வீட்டு உலக்கையின் முனையில் இரும்புப் பூண் போட்டிருக்கும் அல்லவா? அடி வாங்குகிற இடத்தில் மட்டும் பலம். இந்தக் குழாயிலும் அதே யோசனைதான், பூண் உள்ளே இருக்கிறது. 'உட்பூண் குழாய்' என்று சொல்லுங்கள். ஒருபூண், இருபூண் என்று எண்ணும் ஒட்டும்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, உலக்கைப் பூண் அருமை. ஆனால் ஒரு சிக்கல். பூண் என்றால் தனியாகச் செய்து மாட்டுவது. இது ஒரே குழாய், உள்ளே தண்டு கொடுத்து இழுத்து வடிக்கும்போதே சுவர் கூடிக் குறைகிறது. இன்னொன்று, சட்டகத்தில் இரண்டு குழாய்கள் கூடும் மூலையில் வெளியே ஓர் உறை வரும், குழாய்களை அதற்குள் செருகிப் பற்றாசு ஊற்றி ஒட்டுவோம். ஆங்கிலத்தில் 'லக்'. அதற்குத்தான் பூண் என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. அதை அங்கே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

பள்ளத்தூரிலிருந்து:

பூண் பேச்சு வந்ததால் ஒரு வரலாறு. ஆச்சி சொன்னதுதான் பழைய முறை. மெல்லிய குழாயை மூலையில் ஒட்டினால் முனையில் விட்டுப்போகும் என்பதால், முனைக்குள் தனித் துண்டு ஒன்றைச் செருகிப் பலப்படுத்தினார்கள். அந்தத் துண்டே தேவையில்லாமல் குழாயின் சுவரையே முனையில் தடிப்பாக வடிக்கும் முறைக்குத்தான் 1897-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் காப்புரிமை வாங்கியது. 1935-இல் அவர்களுடைய 531 என்ற எஃகுக் குழாய் வந்தது, பந்தய வண்டி கட்டுகிறவர்கள் பல பத்தாண்டுகள் அதையே தேடிப் போனார்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ரெனால்ட்ஸ் 1928-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் போனது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்துதான் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். நம் அப்பாமார் மிதித்த ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்ததுதான். கையேட்டின் முன்னுரையில் இரண்டு வரி போடுங்கள்.

எஃகில் எடை குறையாது என்று மாணவர்கள் சோர்ந்தால் இதையும் சொல்லுங்கள். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். எர்னஸ்டோ கொல்நாகோ கட்டிய அந்த வண்டியின் சட்டகம் எஃகு, மொத்த எடை சுமார் 5.75 கிலோ. சங்கிலியில்கூடத் துளை போட்டு கிராம் கிராமாகக் குறைத்தார்கள். தடத்தில் ஓடும் வண்டி, பிரேக்கும் கியரும் கிடையாது, அது உண்மை. ஆனாலும் 2000-ஆம் ஆண்டிலிருந்து உலகச் சைக்கிள் சங்கம் பந்தய வண்டிக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 6.8 கிலோ என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் எனக்குத் தனிக் கருத்து இல்லை.

இளையாத்தங்குடியிலிருந்து:

'துடிக்குழாய்' எப்படி? உடுக்கையைத் துடி என்போம், இரண்டு பக்கமும் பெருத்து நடுவில் சிறுத்தது, துடியிடை என்று பாடாத புலவர் இல்லை.

அப்படியே குழாய் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். குழல், குழாய், குழி, குழை எல்லாம் உள்ளே வெறுமையாய் இருப்பதைக் குறிக்கும் ஒரே வேர். குழம்பும் இதில்தான் சேரும் என்பது என் ஆய்வு, குழிந்த சட்டியில் வைப்பதால் குழம்பு. குழவி, குழு இவற்றையும் இதோடு பொருத்திப் பார்த்து வருகிறேன், விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

மேலைச்சிவபுரியிலிருந்து:

குழம்பு குழம்புதலிலிருந்து வந்தது, கலங்குதல், கலத்தல். சட்டியிலிருந்து வரவில்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்பதை மறக்க வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, துடி வெளித்தோற்றத்தில் சிறுத்தது. நம் குழாய் வெளியே பார்த்தால் ஒரே சீராக இருக்கும், மெலிவு முழுக்க உள்ளே. துடிக்குழாய் என்று படித்துவிட்டு மாணவன் இடுப்பு சிறுத்த குழாயைத் தேடிக்கொண்டிருப்பான். கம்பிக்கு வேண்டுமானால் பொருந்தும், கம்பியில் மெலிவு வெளியே தெரியும். ஆனால் இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்தால் ஒரே தத்துவம் என்பது போய்விடும். குழம்பை வேறு இழையில் பேசுவோம், ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

உங்கள் நடுமெலியிலும் ஓட்டை இருக்கிறது தம்பி. ஒரு முனை மட்டும் தடித்த குழாயில் மெலிவு நடுவிலிருந்து அடுத்த முனை வரைக்கும் போகிறது. அதை எப்படி நடுமெலி என்பீர்கள்? ஒன்று, இரண்டு என்று நாம் எண்ணுவது தடித்த முனைகளை. பெயரும் முனையின் மேல்தான் நிற்க வேண்டும். 'முனைதடி குழாய்', ஒருமுனைதடி, இருமுனைதடி.

கண்டனூரிலிருந்து:

ஆச்சி சொல்லும் கணக்கு சரி. ஆனால் தடி என்றால் பையன்கள் கம்பு என்றுதான் எடுப்பார்கள். முனையில் தடி வைத்த குழாயா என்று கேட்பான்.

தேவகோட்டையிலிருந்து:

அப்படியானால் 'பருமுனைக் குழாய்'. பருத்த முனை. வினைத்தொகை இல்லை, ஆகவே இங்கே 'க்' உண்டு. ஒருபருமுனை, இருபருமுனை. கம்பிக்கும் வரும்: இருபருமுனைக் கம்பி.

இளையாத்தங்குடியிலிருந்து:

பரு என்றதும் முகப்பரு நினைவு வராதா?

தேவகோட்டையிலிருந்து:

பருந்தைப் பார்த்தால் உங்களுக்கு முகப்பரு நினைவு வருகிறதா? பருப்பொருள் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அடுத்ததற்குப் போகலாம்.

மேலைச்சிவபுரியிலிருந்து:

பருமுனை என்றால் முனை வெளியே பருத்திருக்கிறது என்று படுகிறது. துடிக்குச் சொன்ன அதே குற்றம் இதற்கும் உண்டு. வெளியே சீர், உள்ளே மாற்றம் என்பதை இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நொசிகுழாயை அது வளையும் என்று தள்ளினீர்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றம் என்றால் தமிழில் பாதிச் சொற்களைத் தள்ள வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா சொல்லும் குறை நியாயம். 'உள்பருமுனை' என்று நீட்டிப் பார்த்தேன், 'இரு உள்பருமுனைக் குழாய்' என்பதை மாணவன் ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை. படத்தில் வெட்டுத்தோற்றம் பெரிதாகப் போடுகிறேன், வெளி விட்டம் மாறாது என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் வரும்.

மூன்று அளவு குழாய்க்கு முனைக் கணக்கு உதவவில்லை, அங்கேயும் பருத்த முனை இரண்டுதான், அளவுதான் மூன்று. 'மூவளவுக் குழாய்' என்று தனியாக வைக்கலாமா? அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோட்டையூரிலிருந்து:

இழை நீண்டுவிட்டதால் கணக்கெடுத்தேன். பருமுனைக்கு ஐந்து பேர், நொசிக்கு இருவர், பட்டட் ஒருவர், துடி ஒருவர். பள்ளத்தூர்க்காரர் யாருக்கும் வாக்களிக்கவில்லை, ஆனால் முன்னுரையை மறக்க வேண்டாம் என்று தனிமடல் போட்டிருக்கிறார். ஐந்தில் இரண்டு பேர் 'ஏதாவது ஒன்று வையுங்கள்' என்று எழுதியவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பருமுனைக் குழாய் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'கடைகளில் பட்டட் குழாய் என்று கேட்டு வாங்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன், கண்டனூர் அண்ணனுக்குத் திருப்தி என்று நினைக்கிறேன். லக் என்பது பூண் ஆகிவிட்டது, அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ரெனால்ட்ஸ், டிஐ பற்றிய இரண்டு வரியும் முன்னுரையில் உண்டு. மூவளவு தற்காலிகம்.

மேலைச்சிவபுரியிலிருந்து:

என் மறுப்பைக் குழுவின் பதிவில் வையுங்கள். நான் எழுதும் கட்டுரைகளில் நொசிகுழாய் என்றுதான் எழுதுவேன். மெய்ப்பு வந்தால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள் தம்பி, 'இருபருமுனைக் கம்பி'யில் ஒற்று விடுபடாமல் நான் பார்த்துத் தருகிறேன். அடுத்து நீங்கள் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கிளைத்த பாகத்துக்கு 'போர்க்' என்று எழுதி வைத்திருக்கிற இடத்துக்கு வருவோம், கிளைத்த கொம்புக்குக் கவை என்று நல்ல சொல் இருக்கிறது.