புதுப்பிப்பு: அம்மாவின் கோலமும் சங்கத்து நோட்டீஸும்

போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கிய பணக்காரப் பகுதியில், அம்மா வாசலில் போட்ட கோலத்துக்குத் ‘தரையை அசிங்கப்படுத்துகிறீர்கள்’ என்று வீட்டு உரிமையாளர் சங்கம் (குடியிருப்புப் பகுதிக்கு விதி போடும் HOA) அபராத நோட்டீஸ் அனுப்பியதை, அதன் தொடர்ச்சிதான் இது.

அபராதம் கட்டினாயா என்று பலர் கேட்டீர்கள். கட்டவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சாக்பீஸில் வரைந்த டைனோசர் மூன்று வாரமாக அப்படியே கிடக்கிறது, அதைத் தேதியோடு படம் எடுத்து, விதி எல்லாருக்குமா எங்களுக்கு மட்டுமா என்று எழுத்திலேயே கேட்டேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாயமான வீட்டுவசதிச் சட்டம் (Fair Housing Act) இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து வேறுபடுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையிடம் (HUD) புகார் தர 1 வருடம் அவகாசம் உண்டு, மாநில சிவில் உரிமைப் பிரிவுக்கோ 180 நாள்தான் (இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை).

பதினோரு நாள் கழித்து ‘அபராதம் ரத்து’ என்று ஒரு வரி மின்னஞ்சல். மன்னிப்பா? ம்ஹூம். பக்கத்து வீட்டம்மா எங்களைப் பார்த்தால் இன்னும் கராஜ் கதவை இறக்கிவிடுகிறார். அம்மாதான் பாவம், இப்போதெல்லாம் விடியுமுன்பே தெருவிளக்கு வெளிச்சத்தில் நாலு புள்ளி வைத்துச் சின்னதாகப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.