தாத்தா வீடு, கோவில்பட்டி (குடும்பக் குழு, கார்த்தி போன்ல உள்ளபடி; மீனா, செல்வி அத்தை - மாமா மகள்)

கார்த்தி: முன்சுவருக்குப் பட்டி பார்த்து ப்ரைமர் அடிச்சாச்சு. பெயிண்டர் நாளைக்குக் காலைல 8 மணிக்கு வாராரு. என்ன எழுத, என்ன படம்னு இன்னைக்கு ராத்திரியே சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமை தாத்தா நினைவு நாளுக்குப் படிப்பகம் திறக்கணும்ல.

பெரியப்பா: அப்பா பேரு, பிறப்பு, இறப்பு. போதும்.

சித்தப்பா: ‘நாளை நமதே’. பெருசா. பக்கத்துல தலைவர் எம்.ஜி.ஆர். படம் 🙏

அம்மா: மாமனாருக்கு சினிமாவே ஆகாதே தம்பி

சித்தப்பா: 1975ல அந்தப் படத்துக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனதே அப்பாதான் மதினி

பெரியப்பா: என்னைக் கூட்டிட்டுப் போகல.

சித்தப்பா: அண்ணே அன்னைக்கு உனக்குப் பரீட்சை

பெரியப்பா: சரி விடு.

செல்வி அத்தை: எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. திறக்கறது படிப்பகம். பேரும் தேதியும் மட்டும் எழுதுறதுக்கு அது கல்லறை இல்ல அண்ணே. அந்தச் சுவரு முன்னால வந்து நிக்கிற பிள்ளைக்கு, இப்படியும் ஒரு ஊரு இருக்கலாம்னு தோணணும். நான் ரெண்டு படம் யோசிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு நம்ம எட்டயபுரத்துக்காரரு, பாரதியாரு. ‘பாரத தேசம்’ பாட்டுல எல்லாருக்கும் சிங்களத் தீவுக்குப் பாலம் போடுறது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதே பாட்டுல குடை செய்வோம், கோணி செய்வோம், இரும்பாணி செய்வோம்னு வரிசையா வரும். அப்புறம் இது:
‘சந்திரமண் டலத்தியல் கண்டு தெளிவோம்
சந்தி, தெருப்பெருக்கும் சாத்திரம் கற்போம்’
நிலாவையும் தெருக்கூட்டுறதையும் அடுத்தடுத்த வரில வச்சிருக்காரு. ரெண்டும் அவருக்கு ஒரே மாதிரி பெரிய படிப்பு. ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’னு பாடினதும் அவருதான். 1921ல போயிட்டாரு. சுதந்திரம் வந்தது அதுக்கு 26 வருஷம் கழிச்சு.

மாமா: நிலாவுல 2023 ஆகஸ்ட் 23ல இறங்கியாச்சு. நம்ம சந்துதான் பாக்கி

அம்மா: ஆமா குப்பை வண்டி செவ்வாக்கிழமைல இருந்து வரல

கார்த்தி: நேத்து வந்துச்சே?

அம்மா: மேலத்தெருவோட திரும்பிட்டான்

பெரியப்பா: சொல்லியிருக்கேன். வரும்.

அம்மா: மூலைல நாய் இழுத்துப் போட்டு நாறுது அத்தான். ஞாயித்துக்கிழமை ஆளுக வரும்போது அப்படியேவா கிடக்கும்

மீனா: அம்மா ரெண்டு படம்னீங்க. ரெண்டாவது?

செல்வி அத்தை: பேகம் ரொக்கேயா. இப்ப வங்கதேசத்துல இருக்கிற ரங்பூர்ப் பக்கத்துல பிறந்தவங்க. பர்தாவுக்குள்ளயே வளர்ந்தவங்க. 1905ல இங்கிலீஷ்ல ‘சுல்தானாவின் கனவு’ன்னு ஒரு கதை எழுதினாங்க. அது முதல்ல அச்சான இடம் நம்ம மெட்ராஸ்! கமலா சத்தியநாதன் நடத்துன ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ல வந்துச்சு.

செல்வி அத்தை: அந்தக் கதை நாட்டுல ஆம்பளைங்க வீட்டுக்குள்ள இருப்பாங்க, பொம்பளைங்க வெளிய எல்லா வேலையும் பார்ப்பாங்க.

சித்தப்பா: 😳

மாமா: நம்ம வீட்டுலயும் அப்படித்தானே

செல்வி அத்தை: எல்லாரும் அதை மட்டும் சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. எனக்கு உசுரு அதுல வர்ற அடுப்படி. காய்கறித் தோட்டத்துக்கு நடுவுல இருக்கு. கரி கிடையாது, புகை கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. சூரிய வெப்பத்தைக் குழாய் வழியா கொண்டுவந்து சமைக்காங்க. தண்ணிய மேகத்துல இருந்தே பலூன் வச்சு இறக்கிக்கிடுதாங்க. ரெண்டையும் கண்டுபிடிச்சது பொம்பளைங்க படிக்கிற பல்கலைக்கழகங்கள். நம்ம அம்மா ஈர விறகை ஊதி ஊதி ராத்திரியெல்லாம் இருமினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா? அம்மா பிறக்கும் முன்னாலேயே ஒருத்தி புகையில்லாத அடுப்படிய மனசுல கட்டிப் பார்த்திருக்கா. எழுதிட்டுச் சும்மாவும் இருக்கல. 1911ல கல்கத்தால பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, வீடு வீடாப் போய்க் கெஞ்சிப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தாங்க.

மீனா: இது எனக்கு ஏன் ஸ்கூல்ல சொல்லித்தரல 😢

பெரியப்பா: இருமல் ஞாபகம் இருக்கு.

சித்தப்பா: அக்கா அதெல்லாம் சரி. ‘நாளை நமதே’யும் நம்பிக்கைதானே. சின்னப் பிள்ளைக்கும் புரியும். ரொக்கேயா யாருன்னு தெருவுல எவனுக்குத் தெரியும்

செல்வி அத்தை: நம்பிக்கைதான் தம்பி, நான் குறை சொல்லல. இருட்டுக் கொட்டகைல அதைப் பார்த்துட்டு அழுத சனத்தை நானும் பார்த்திருக்கேன். ஆனா இவுக ரெண்டு பேரும் நாளைக்கு என்ன இருக்கும்னு பொருள் பொருளா சொல்லியிருக்காங்க. ஆணி, கோணி, குழாய், தோட்டம். படிச்ச பிள்ளை அடுத்த நாளே ஒரு வேலையக் கையில எடுக்கலாம். தெரியாததைக் கேட்டுத்தான் பிள்ளைக உள்ள வரணும், அதுக்குத்தானே படிப்பகம்.

பெரியப்பா: அந்த ரூமுக்கு மாசம் 6,000 வாடகை தாறேன்னு மொபைல் கடைக்காரன் வந்தான். யாரும் கேக்கல.

அம்மா: அத்தான் அது முடிஞ்ச பேச்சு

பெரியப்பா: யாரு முடிச்சா?

கார்த்தி: பெரியப்பா நாளைக்கு 8 மணி 🙏

மாமா: வீட்டு வரி யாரு கட்டுறதுன்னும் அப்படியே பேசிரலாம்

செல்வி அத்தை: அண்ணே, அந்த ரூம்லதான் அப்பா உன்னை உக்கார வச்சு இந்த ‘பாரத தேசம்’ பாட்டை மனப்பாடம் பண்ண வச்சாரு. எனக்கு அந்த இடம் கிடைக்கல, வாசப்படில நின்னு கேட்டே படிச்சேன். அதனாலதான் கேக்கேன்.

பெரியப்பா: வரைஞ்சு முதல்ல எனக்கு போட்டோ அனுப்பு கார்த்தி. எதுக்கும் சரின்னு நான் சொல்லல.

சித்தப்பா: 👍 தலைவர் படம் உள்ள சுவத்துலயாவது

கார்த்தி: அப்ப இடது பக்கம் நிலா, கீழ தெருக்கூட்டுற ஆளு, பாரதியார் வரி. வலது பக்கம் சூரிய அடுப்படி. தாத்தா பேரு வாசலுக்கு மேல. ஓகேவா?

செல்வி அத்தை: அடுப்படில கீரைப் பாத்தி மறந்துறாத. குழாய் சூரியன்ல இருந்து நேரா அடுப்புக்கு வரணும், சும்மா மஞ்சளா கோடு இழுக்க விடாத.

கார்த்தி: பெயிண்டர் கேக்காரு, விளக்குமாறு ஆம்பளை கைலயா பொம்பளை கைலயா

மீனா: ஆம்பளை!

அம்மா: ஆம்பளை

சித்தப்பா: ஏன்?

செல்வி அத்தை: ரெண்டு பேரு கைலயும். பிள்ளைக கைலயும் ஒண்ணு.

கார்த்தி: மூணு ஆளுன்னா கூட 1,500 ஆகும்கறாரு

மாமா: ஒரு ஆளு போதும்

மீனா: நான் ஜிபே பண்றேன், வரையட்டும்

பெரியப்பா: காசு நான் தாரேன். யாரும் அனுப்ப வேண்டாம்.

அம்மா: ஞாயித்துக்கிழமை எத்தனை பேருக்குச் சமையல்? யாரு சமைக்கிறது?

மீனா: மாமாங்க ரெண்டு பேரு, அப்பா 😊

மாமா: கேட்டரிங் சொல்லிரலாம்

சித்தப்பா: சாம்பார் நான் வைப்பேன். மத்தது தெரியாது

செல்வி அத்தை: வை தம்பி. அண்ணே நீ?

கார்த்தி: பெரியப்பா ஆன்லைன்லதான் இருக்காங்க